பனியை எங்கே தள்ளுவது

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
யார் பேசினார், எத்தனை நிமிடம்,
யார் வழிமொழிந்தார்.
பெருமூச்சுக்குப் பத்தி கிடையாது.

பிப்ரவரி, செவ்வாய், மாலை ஆறரை.
கேபிள் ஃபெர்ரி நகர மன்றத்தில்
ஹீட்டர் இருமிக்கொண்டிருக்கிறது.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று.
நாற்பத்தொரு பேர், நாற்பத்தொரு கோட்டு;
மாட்ட இடமில்லாமல்
மடியில் பிள்ளைபோல் வைத்திருக்கிறார்கள்.

மினியாபொலிஸிலிருந்து வந்த திட்ட வல்லுநர்
எங்கள் மெயின் தெருவைத் திரையில் ஏற்றுகிறார்.
இன்னும் பதினைந்து வருடத்தில் இப்படி இருக்குமாம்:
நடுவே லிண்டன் மரங்கள் ஒரு வரிசை,
மூலைக்கு மூலை கல்தொட்டியில் பூ,
நடைபாதை அகன்று, சாலை மெலிந்து,
நூற்றுமுப்பது வருடச் செங்கல் முகப்பெல்லாம்
இப்போதுதான் குளித்து வந்ததுபோல.
ஐஸ்கிரீமோடு ஒரு பெண். பலூனோடு ஒரு குழந்தை.
யார் வீட்டு ஆட்களோ.
எங்கள் ஊரில் இவ்வளவு பல் தெரிய
யாரும் சிரிப்பதில்லை.
அங்கே எப்போதும் ஜூன்.

தலைக்கு ஆறு ஸ்டிக்கர்.
பிடித்த இடத்தில் பச்சை, பிடிக்காததில் சிவப்பு.
(எனக்கு இல்லை. நான் ஊழியர்.)
மூடிக் கிடக்கும் பேங்குக் கட்டடம்
பச்சையால் நிறைந்தது.
அதற்குள் கால் வைத்துப் பத்து வருடம் ஆயிற்று,
அதனால்தான் பிடித்திருக்கிறது போலும்.

பா ஹூவா ஷியோங் விரலால் தெருவைத் தடவி
தன் லாண்டரியைத் தேடினாள்.
அந்த இடத்தில் ஒரு பெஞ்சு வரைந்திருந்தது.
ஒன்றும் கேட்கவில்லை.
ஆறு பச்சையையும் பெஞ்சின்மேல்
ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தி ஒட்டிவிட்டு
வந்து உட்கார்ந்தாள்.

பிறகு பார்க்கிங்.
சாய்வாக நிறுத்துவதா, நேராகவா?
மருந்துக்கடை லோவல் பிரெக்கே
சாய்வுக்காகப் பதினெட்டு நிமிடம் போராடினார்.
கார் வருவதற்கு முன்னால் குதிரைகளும் இங்கே
சாய்வாகத்தான் நின்றனவாம்.
குறித்துக்கொண்டேன்.

கடைசி வரிசையில், ஆரஞ்சு ஜாக்கெட்டோடு,
பனிக்கலப்பை ஓட்டும் ரூபன் டோர்க்கெல்சன்.
எட்டு மணிக்கு ஷிஃப்ட்.
என் ஒன்பது வருடக் குறிப்புகளில்
அவர் பெயர் எங்கும் இல்லை.
கை தூக்கினார்.

"பனியை எங்கே தள்ளுவது?"

இரு பக்கமும் வழித்து இப்போது நடுவில் குவிக்கிறோம்,
விடியுமுன் லாரி வந்து அள்ளிப்போகிறது.
நடுவில் மரம் நின்றால்?
மூலைக் கல்தொட்டியில் பிளேடு மோதினால்?

வல்லுநர் ஒரு படம் முன்னே போனார்,
இரண்டு படம் பின்னே வந்தார்.
எல்லாவற்றிலும் ஜூன்.

அப்புறம் யாரும் வரிசையில் பேசவில்லை.
சக்கர நாற்காலி மார்லிஸ் சொன்னாள்,
டிசம்பரிலிருந்து நான் தெருவைக் கடந்ததே இல்லை.
ஸ்கூல் பஸ் திரும்பும் மூலையைப் பற்றி யாரோ.
அடைத்துப்போன சாக்கடையைப் பற்றி யாரோ.
பேனா பின்தங்கியது.
அன்று முதல்முறையாக
நாங்கள் குடியிருக்கும் ஊரைப் பற்றிப் பேச்சு.

பா ஹூவா திரும்பி உட்கார்ந்து
ரூபனை மட்டும் கேட்டாள்:
ராத்திரி மூன்று மணிக்கு
கையுறையை எங்கே காயவைப்பீர்கள் அப்போது?
"அதைத்தான் யோசிக்கிறேன்" என்றார்.
மணி பார்த்தார். போய்விட்டார்.

முடிவு ஏப்ரலுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.
அதற்குள் பனி உருகிவிடும்,
கேள்வியும் கூடவே ஓடிவிடும் என்று
மேயர் கணக்கு.

என் கார் எதிர்ப்புறம் நின்றது.
கலப்பை கடக்கும்வரை காத்திருந்தேன்.
அதன் மஞ்சள் விளக்கு சுழன்று
பேங்கை, மருந்துக்கடையை, மூடிய தியேட்டரை
ஒவ்வொரு நொடி காட்டி அணைத்தது.
நடுத்தெருவில் இடுப்பளவு வெள்ளைச் சுவர்.
பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஏறித் தாண்டினேன்,
இந்த வயதில்.
அந்த நேரத்திலும் லாண்டரியில்
யாருடைய போர்வைகளோ சுற்றிக்கொண்டிருந்தன.

காலையில் ஸ்டிக்கர்களை எண்ணினேன்.
பெஞ்சு: பச்சை ஆறு.
மக்கள் பெஞ்சை விரும்புகிறார்கள் என்று
அறிக்கை சொல்லும்.
நகத்தால் ஒவ்வொன்றாய் உரித்துப் பார்த்தேன்;
அடியில் பெஞ்சுதான்.

பதிவேட்டில் எழுதினேன்:
லாண்டரி, ஆறு.